ஒரே ஆள்தான் உண்டு என்றால் காகிதம் எங்கே?

வாசகர் கேள்வி, வக்கீலம்மா பதில்

கேள்வி: வணக்கம் வக்கீலம்மா. நானும் என் வீட்டுக்காரரும் கப்பலூர் சிட்கோவில் ஒரு சின்ன ஷெட் வைத்து ஆர்.ஓ. குடிநீர் மெஷின்களுக்கு சர்வீஸ் செய்கிறோம். ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். ஏழு வருஷமாகத் திருமங்கலம், பேரையூர் பக்கத்து மாணவர் விடுதிகளில் ஃபில்டர், மெம்பரேன் (தண்ணீரைச் சுத்திகரிக்கும் சவ்வு) மாற்றுவதெல்லாம் நாங்கள்தான். விடுதிக்கு விடுதி விலைப்புள்ளி கேட்பார்கள், நாங்களும் இன்னும் இரண்டு பேரும் கொடுப்போம். போன மாதம் ஒரு விடுதிக்குப் போனபோது வார்டன், "இனிமே நீங்க வர வேண்டாம்மா, மொத்தத்தையும் ஒரு மெட்ராஸ் கம்பெனிக்கு மூணு வருஷத்துக்குக் கொடுத்துட்டாங்க" என்றார். அலுவலகத்தில் விசாரித்தால், "மெஷினைச் செஞ்சதே அந்தக் கம்பெனிதான், அவங்க மட்டும்தான் பாகம் போட முடியும், அதனால டெண்டர் தேவையில்லை" என்று வாயால் சொல்கிறார்கள். அதே மெஷினுக்கு ஏழு வருஷமாகப் பாகம் போட்டவர்கள் நாங்கள். இதை எதிர்த்துக் கேட்க முடியுமா? எங்களுக்கு இரண்டு பில் வேறு பாக்கி. கேட்டால் அதையும் நிறுத்திவிடுவார்களோ என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார்.
(திருமங்கலம் வாசகி)

பதில்: சகோதரி, கேட்க முடியும். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த சொல் "போன மாதம்" என்பதுதான். ஒரு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. இந்த மாதிரி வழக்குகளில் நியாயம் பக்கத்தில் இருந்தும் தோற்றவர்கள் பெரும்பாலும் தாமதத்தால் தோற்றவர்கள். அதனால் இதைப் படித்து முடித்ததும் மற்றதைத் தள்ளிவைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். டெண்டர் உண்மையிலேயே விடப்படவில்லையா, அல்லது விட்டது உங்கள் கண்ணில் படவில்லையா? வார்டன் சொன்னதையும் அலுவலகத்தில் வாயால் சொன்னதையும் மட்டும் நம்பிப் போகக் கூடாது. தமிழ்நாடு அரசின் டெண்டர் இணையதளத்தில் கடந்த ஆறு மாத அறிவிப்புகளைத் தேடிப் பாருங்கள். கலெக்டர் அலுவலகம் வெளியிடும் மாவட்ட ஒப்பந்தப்புள்ளி இதழையும் பாருங்கள். இரண்டு கோடி ரூபாய் வரையுள்ள டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் என்றால் 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. அறிவிப்பு வந்திருந்து நீங்கள் கவனிக்கத் தவறியிருந்தால் உங்கள் வழக்கே வேறாகிவிடும். வரவில்லை என்று உறுதியானால், தேடிய தேதியோடு அந்தப் பக்கங்களை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் மாநிலத்தில் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. அதற்கான விதிகள் 2000இல் வந்தன. அரசுத் துறையோ, அரசின் கழகமோ, உள்ளாட்சியோ, பொருள் வாங்கினாலும் வேலை கொடுத்தாலும் டெண்டர்தான் பொது வழி. விதிவிலக்குகள் 16ஆவது பிரிவில் இருக்கின்றன. "ஒரே இடத்தில்தான் கிடைக்கும்" என்பதும் அதில் ஒன்று. முன்பே வாங்கிய கருவியோடு பொருந்த வேண்டும் என்பதற்காக அதே கம்பெனியிடம் போவதற்கும் அங்கே இடம் உண்டு. ஆக, அலுவலகத்தில் சொன்ன காரணம் சட்டத்தில் இல்லாத காரணம் இல்லை. இதை நீங்கள் ஒப்புக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும்.

ஆனால் அந்தக் காரணத்தை ஒரு அதிகாரி நினைத்த மாத்திரத்தில் எழுதிவிட முடியாது. மூன்று நிபுணர்கள் கொண்ட குழு ஆராய்ந்து, "ஆமாம், இது ஒரே இடத்தில்தான் கிடைக்கிறது" என்று அறிவிக்க வேண்டும். ஒருவர் கொள்முதல் செய்யும் அரசு அமைப்பின் தொழில்நுட்ப ஆள், இன்னொருவர் அதே மாதிரிக் கொள்முதல் செய்யும் வேறொரு அரசு அமைப்பின் தொழில்நுட்ப ஆள், மூன்றாமவர் ஒரு கல்வி அல்லது ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர். அந்தக் குழு அறிக்கைதான் உங்கள் வழக்கின் உயிர். அது இருக்கிறதா? இருந்தால் என்ன தேதி? கையெழுத்திட்ட மூவரில் யாராவது விடுதிக்குப் போய் மெஷினைத் திறந்து பார்த்தார்களா?

தேதியை ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்றால், வக்கீலாவதற்கு முன் பதினொரு வருஷம் நான் ஒரு பொறியியல் கோட்ட அலுவலகத்தில் டெண்டர் பிரிவு உதவியாளராக இருந்தேன். மூன்று மணிக்கு டெண்டர் பெட்டியைப் பூட்டுவோம். மூன்று ஐந்துக்கு இ.எம்.டி. (டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகை) டிராஃப்டோடு சேடப்பட்டியிலிருந்து பஸ் பிடித்து ஓடிவந்த ஒரு சின்ன ஒப்பந்தக்காரரை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. ஐந்து நிமிஷத் தாமதத்துக்கு அவ்வளவு கறார் காட்டுகிற ஒரு முறை, பெட்டியே வைக்காமல் மூன்று வருஷ வேலையைத் தூக்கிக் கொடுத்தால் அதற்கு இரண்டு மடங்கு கறாராகக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பிற்பாடு நான் நடத்திய ஒரு வழக்கில் பணி ஆணை மார்ச் மாதம் போயிருந்தது. நிபுணர் அறிக்கையின் தேதி பிப்ரவரி. ஆனால் அந்த அறிக்கை அலுவலகத்துக்கு வந்ததாகத் தபால் பதிவேட்டில் இருந்த தேதி மே மாதம். அந்த ஒரு வரி மட்டும் போதுமானதாக இருந்தது.

அதனால் தகவல் உரிமைச் சட்டத்தில் இன்றே ஒரு மனு எழுதுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுதத் தேவையில்லை. "ஏன் டெண்டர் விடவில்லை?" என்று கேட்காதீர்கள். ஏன், எதற்கு என்ற கேள்விகளுக்கு "விளக்கம் தர இயலாது" என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும். ஆவணத்தைக் கேளுங்கள். இந்த வேலை தொடர்பான குறிப்புக் கோப்பு (அதிகாரிகள் கருத்தெழுதும் பக்கங்கள்), நடப்புக் கோப்பு (வந்த, போன கடிதங்கள்) இரண்டின் முழு நகல். 16ஆவது பிரிவின்படி அமைத்த குழுவின் நியமன ஆணையும் அறிக்கையும். பணி ஆணை, ஒப்பந்தம், ஒவ்வொரு விடுதிக்குமான விலை. அந்தக் கோப்பின் ந.க. எண் (கோப்புக்குப் போடும் எண்) பதிவான தன்பதிவேட்டுப் பக்கம், அதாவது எழுத்தர் தன்னிடம் வரும் கோப்புகளை வரிசையாகப் பதிகிற பதிவேட்டின் பக்கம். இந்தக் கடைசி நகலை மறக்காதீர்கள். கோப்பில் தேதியை மாற்றி எழுதலாம், வரிசையாக எண் போட்டுப் போகிற பதிவேட்டில் நடுவே செருகுவது கஷ்டம்.

விலையைக் கேட்டால் "வணிக ரகசியம்" என்பார்கள். அரசுப் பணம் கொடுத்து முடிவான விலையை அப்படி மூடி வைக்க முடியாது என்று முதல் மேல்முறையீட்டில் (தகவல் தர மறுத்தால் அதே அலுவலகத்தின் மேலதிகாரிக்குப் போடும் மனு) எழுதுங்கள். மொத்தத் தொகையையும் கூட்டிக் கேளுங்கள். சில இடங்களில் விடுதிக்கு ஒன்றாக ஆணையைப் பிரித்து, ஒவ்வொன்றும் டெண்டர் தேவைப்படாத சிறு தொகை மாதிரி காட்டுவார்கள்.

பதில் வர 30 நாள் ஆகும். அதற்காகக் காத்திருக்கக் கூடாது. அதே நாளில் ஒப்பந்தம் கொடுத்த அலுவலகத்தின் தலைமை அதிகாரிக்கும் துறைச் செயலாளருக்கும் ஒரு ஆட்சேப மனு அனுப்புங்கள். ஸ்பீட் போஸ்ட் ரசீது பத்திரம். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

அந்த மனுவில் என்ன எழுதுவது? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "லஞ்சம் வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்கள்" என்று எழுதாதீர்கள். உங்கள் மனசில் அது இருக்கலாம். ஆனால் கெட்ட எண்ணம் என்று சொன்னால் அந்த அதிகாரியைப் பெயர் சொல்லி எதிர்மனுதாரராகச் சேர்த்து, எந்த நாள், என்ன நடந்தது என்று காட்ட வேண்டும். காட்ட முடியாத குற்றச்சாட்டு, காட்ட முடிந்த நல்ல வாதத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். உங்களிடம் அதைவிடப் பலமான ஒன்று இருக்கிறது. "அவர்களால் மட்டும்தான் முடியும்" என்கிறார்கள். நீங்கள் ஏழு வருஷம் செய்திருக்கிறீர்கள். அது போதும், அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

வார்டன்கள் கையெழுத்திட்ட சர்வீஸ் சீட்டுகள் எத்தனை இருக்கின்றன? எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்குங்கள். ஜி.எஸ்.டி. பில்கள், பணம் வரவான வங்கிப் பக்கம். என் கட்சிக்காரர் ஒருவரும் உங்கள் தொழில்தான், அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: இந்த அளவு மெஷின்களில் பெரும்பாலும் நாலு அங்குல விட்டம், நாற்பது அங்குல நீளமுள்ள மெம்பரேன்தான். பல கம்பெனிகள் ஒரே அளவில் செய்கின்றன, கடையில் கிடைக்கிறது. கார்பன், மணல், பம்ப் எல்லாமும் அப்படியே. மெம்பரேன் லேபிள் தெரிகிற மாதிரி நீங்கள் எடுத்த பழைய புகைப்படங்கள் போனில் இருக்கும், தேடுங்கள். உங்களோடு விலைப்புள்ளி கொடுத்த மற்ற இருவரிடமும் "நாங்களும் இந்த வேலையைச் செய்திருக்கிறோம்" என்று ஒரு கடிதம் வாங்குங்கள். ஒரே ஆள்தான் உண்டு என்கிற பேச்சை மூன்று பேர் சேர்ந்து மறுப்பது, நீங்கள் ஒருவர் மறுப்பதைப் போல இருக்காது.

ஒன்றை மட்டும் மறைக்காமல் யோசித்துப் பாருங்கள். அந்த மெஷின்களில் கம்பெனியைத் தவிர யாரும் திறக்க முடியாத கன்ட்ரோல் போர்டு ஏதாவது இருக்கிறதா? புதிதாக வைத்த மெஷின்களில் மட்டும் இருக்கிறதா? இருந்தால் அதை மனுவிலேயே சொல்லிவிட்டு, "அந்த போர்டுக்கு வேண்டுமானால் அவர்களிடம் போகட்டும், ஃபில்டர் மாற்ற ஏன் போக வேண்டும்?" என்று கேளுங்கள். எதிர்த்தரப்பு முதலில் சொன்னால் நீங்கள் மறைத்ததாக ஆகிவிடும்.

ஆட்சேப மனுவுக்குப் பத்துப் பதினைந்து நாளில் பதில் இல்லை என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்துவிடுங்கள். டெண்டர் சட்டத்தின் 11ஆவது பிரிவில் அரசுக்கு மேல்முறையீடு இருக்கிறது, பத்து நாளுக்குள். ஆனால் அது டெண்டர் போட்டவருக்கான வழி. டெண்டரே இல்லாத இடத்தில் நீங்கள் டெண்டர் போட்டவர் ஆக முடியாது. எனவே அரசமைப்புச் சட்டம் 226ஆவது பிரிவில் ரிட் மனுதான், அதாவது அரசின் செயலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் மனு. மதுரைக் கிளை திறந்த 2004 ஜூலை 24க்கு முன்பு என்றால் இதற்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிச் சென்னை போய், வாய்தா என்றால் திரும்பி வர வேண்டும். உங்களைப் போல ஆறு பேரை வைத்துத் தொழில் செய்கிறவர்கள் அந்தச் செலவுக்கே பயந்து விட்டுவிடுவார்கள். இப்போது கப்பலூரிலிருந்து மேலூர் ரோட்டுக்கு வருகிற தூரம்தான்.

நீதிமன்றம் எதைப் பார்க்கும்? உங்கள் சர்வீஸ் நல்லதா, அவர்களுடையது நல்லதா என்று பார்க்காது. 1994இல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: முடிவு சரியா என்பதைவிட, முடிவெடுத்த விதம் சரியா என்பதே கேள்வி. 2006இல் மீரட் மாநகராட்சி சம்பந்தப்பட்ட வழக்கில், அரசு ஒப்பந்தம் பொது ஏலம் அல்லது டெண்டர் மூலம்தான் போக வேண்டும், விலக்கு அபூர்வமாகத்தான் இருக்கலாம் என்றது. இயற்கைப் பேரிடர், ஒரே இடத்தில் மட்டும் கிடைப்பது, பல முறை ஏலம் விட்டும் ஆள் வராதது போன்றவற்றை அந்த விலக்குகளாகச் சொன்னது. டெண்டர் இல்லாத எல்லா ஒப்பந்தமும் செல்லாது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். கல்கத்தா மிருகக்காட்சிசாலையின் நிலத்தில் ஹோட்டல் கட்டக் கொடுத்த விவகாரத்தில், ஏலம் இல்லாமல் பேச்சுவார்த்தையில் கொடுத்ததையே 1987இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. காரணம் இருந்தது, அது வெளிப்படையாகவும் இருந்தது.

தாமதத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? 1979இல் தீர்ப்பான பம்பாய் விமான நிலைய உணவக வழக்கைச் சொல்கிறேன். ஐந்து வருஷ அனுபவம் வேண்டும் என்று அறிவித்துவிட்டு, அந்த அனுபவம் இல்லாதவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அரசு தன் சொந்த நிபந்தனையை மீற முடியாது என்று உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது. இன்றுவரை எல்லா டெண்டர் வழக்குகளிலும் அந்தத் தீர்ப்பைத்தான் வாசிக்கிறோம். ஆனால் மனுப் போட்டவருக்கு என்ன கிடைத்தது? ஒன்றும் இல்லை. அவர் ஐந்து மாதத்துக்கு மேல் கழித்து வந்தார், அதற்குள் ஒப்பந்தம் எடுத்தவர் சுமார் ஒன்றே கால் லட்சம் ரூபாய் செலவழித்துக் கடையை அமைத்துவிட்டார் என்பதும் நிவாரணம் மறுத்ததற்கு ஒரு காரணம். இத்தனை வருஷம் கழித்தும் அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

உங்கள் வேலையில் ஒரு நல்லது உண்டு. இது பாலம் கட்டுகிற வேலை இல்லை, மாதாமாதம் பார்க்கிற பராமரிப்பு. நடுவில் ஆள் மாறினால் யாருக்கும் பெரிய நஷ்டம் வராது. ஆனாலும் "குடிநீர் நின்றுவிடும், பிள்ளைகள் என்ன செய்வார்கள்?" என்று அரசு வக்கீல் எழுந்து நிற்பார். அதற்கு இடம் வைக்காதீர்கள். டெண்டர் முடியும்வரை இப்போதுள்ள கம்பெனியே பார்க்கட்டும், மூன்று வருஷத்துக்கு ஓடக் கூடாது, இத்தனை வாரத்துக்குள் டெண்டர் அறிவிக்க வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் ஒரு நாள்கூட நிற்கக் கூடாது என்பது உங்கள் மனுவிலேயே இருக்கட்டும். அந்த மெட்ராஸ் கம்பெனியையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். அவர்களைக் கேட்காமல் அவர்கள் ஒப்பந்தத்தை ரத்துசெய்ய முடியாது.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, நீங்கள் ஜெயித்தாலும் வேலை உங்களுக்கு வராது. டெண்டர் வரும், நீங்கள் போட்டியிடலாம், அவ்வளவுதான். அதற்குத் தயாராக இருந்தால் மட்டும் வாருங்கள். இரண்டு, "மனுதாரரின் மனுவை எட்டு வாரத்துக்குள் பரிசீலிக்க வேண்டும்" என்று மட்டும் ஒரு உத்தரவு வாங்கிக்கொண்டு திருப்தியாக வீட்டுக்குப் போகாதீர்கள். எட்டாவது வாரம் "பரிசீலித்து நிராகரிக்கப்பட்டது" என்று ஒரு பக்கம் வரும். அதற்குள் பாதி வருஷம் போயிருக்கும். கோப்பை வரவழைத்துப் பார்க்கும்படி முதல் நாளே உங்கள் வக்கீல் கேட்க வேண்டும்.

வீட்டுக்காரருடைய பயத்துக்கு வருகிறேன். அது வெறும் பயம் இல்லை, நியாயமானது. பில்லைத் தாமதப்படுத்துவது நடக்கிறது. ஆனால் செய்து முடித்து, வார்டன் கையெழுத்திட்ட வேலைக்கான பணம் உங்கள் உரிமை. அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை. ஆட்சேப மனு கொடுப்பதற்கு முன்னால், அந்த இரண்டு பில்லுக்கும் தனியாக ஒரு நினைவூட்டல் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள். வழக்குக்குப் பிறகு நிறுத்தினால், நிறுத்தியது எதனால் என்று தேதியே சொல்லும். கறுப்புப் பட்டியலில் போட்டுவிடுவோம் என்று யாராவது மிரட்டினால், நோட்டீஸ் கொடுத்து உங்கள் பதிலைக் கேட்காமல் அப்படிச் செய்ய முடியாது என்று 1975இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவரிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். ஆறு குடும்பத்துக்குச் சம்பளம் கொடுக்கிறவர் யோசிக்கத்தான் செய்வார். யோசிக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்ளட்டும், ஒரு மாதம் வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாய்க் கரை ஐப்பசி மழையில் உடைந்தது. மாசி மாதம் "அவசர வேலை" என்று டெண்டர் இல்லாமல் ஒருவருக்குக் கொடுத்து, வேலை நடக்கிறது. நான் ஒப்பந்தக்காரன் இல்லை, ஆயக்கட்டில் (அந்தக் கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலத்தில்) ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிறவன். நான் கேட்கலாமா?
(உசிலம்பட்டி பக்கத்து வாசகர்)

பதில்: தாராளமாகக் கேட்கலாம் அய்யா. கரை உடைந்தால் வயல் காய்வது உங்களுக்குத்தான். ஊருக்காகப் பொதுநல வழக்கும் போடலாம். ஆனால் முதலில் ஒன்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: வேலை எடுத்தவர் தனி ஒப்பந்தக்காரரா, உங்கள் ஊர் ஆயக்கட்டுதாரர் சங்கமா? 2017இல் குடிமராமத்தை (ஊரார் சேர்ந்து நீர்நிலையைச் சீர்செய்யும் முறை) மறுபடி தொடங்கியபோது பத்து சதவீதப் பங்கோடு விவசாயிகள் சங்கங்களுக்கே நேரடியாக வேலை கொடுத்தார்கள். அந்த மாதிரித் திட்டத்தில் டெண்டர் இல்லாதது தப்பில்லை.

தனி ஆள் என்றால், அவசரம் என்று பொறியாளர் கோப்பில் எழுதினால் மட்டும் போதாது. சட்டம் சொல்வது அரசு அறிவித்த பேரிடர் அல்லது அவசரநிலை. அந்த அறிவிப்பின் நகலைக் கேளுங்கள். அது இருந்தாலும், ஐப்பசியில் உடைந்த கரைக்கு மாசிவரை என்ன செய்தார்கள் என்ற கேள்வி நிற்கிறது. நாலு மாதத்தில் 15 நாள் டெண்டரை எட்டு முறை விட்டிருக்கலாம். உடைந்த மறுவாரமே மண் மூட்டை அடுக்க ஒருவரை அழைத்திருந்தால் நானே குறை சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. தகவல் உரிமைச் சட்டம் காகிதத்தோடு நிற்பதில்லை. நடக்கிற வேலையை நேரில் பார்க்கவும், பயன்படுத்துகிற பொருளின் சான்றிட்ட மாதிரியை வாங்கவும் உரிமை இருக்கிறது. மனுவில் அதையும் எழுதுங்கள். எம்.புக் என்கிற அளவுப் புத்தகத்தின் நகலையும், மதிப்பீட்டின் நகலையும் கேளுங்கள். பார்வையிடத் தேதி கொடுத்ததும், கண்மாய் வேலை தெரிந்த பெரியவர் ஒருவரையும் ஒரு டேப்பையும் கூட்டிக்கொண்டு போய், கரையின் மேல் அகலம், அடி அகலம், உயரம் மூன்றையும் அளந்து எம்.புக்கோடு வைத்துப் பாருங்கள். மழைக்கு முன்னால் போய்விடுங்கள். கண்மாயில் தண்ணீர் ஏறிவிட்டால் அடி அகலத்தை அளக்க முடியாது.